அக்கரையில் விட்டு வந்த சொல்

காளவாசலில் எங்கள் கீழ்வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரமே அந்த அண்ணன் மேல் எனக்குக் கோபம். காலையில் ஜெராக்ஸ் கடையைத் திறக்கக் கிளம்பும்போது வாசலில் நின்று மனைவியிடம், "போறேன்" என்பார். போயிட்டு வாரேன் என்று சொன்னால் வாய் வலிக்குமா? அந்த அக்காவும் கொஞ்சம்கூடப் பதறாமல், "சரி, போங்க" என்பார். மாடியிலிருந்து கேட்கும் நான்தான் பதறுவேன்.

பொறுக்க மாட்டாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன். "என்னக்கா, அண்ணே காலங்காத்தால இப்படிச் சொல்லிட்டுப் போறாரு?"

"இந்த வீட்டுல யாரும் வாரேன்னு சொல்லக் கூடாது" என்றார் அக்கா, கீரையை ஆய்ந்துகொண்டே. "அவுக முப்பாட்டன் ஒரு ராஜா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதுரையில் ராஜா பரம்பரைக்கா பஞ்சம்? ஆனால் அக்கா சிரிக்கவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மலை ஊரை ஆண்டவராம். வெள்ளைக்காரன் நாட்டைப் பிடித்துக்கொண்டு, அவரைக் குடும்பத்தோடு கப்பலேற்றி இக்கரைக்கு அனுப்பிவிட்டான். அரண்மனை வாசலில் அழுதுகொண்டு நின்ற சனங்களிடம் ராஜா ஒரே சொல்தான் சொன்னார்: "வாரேன்." திரும்பிப் போக முடியாமல் காவலிலேயே செத்தும் போனார். வம்சத்தில் ஒருத்தராவது அந்த வாசலில் போய் நிற்கும்வரை இனி நாம் அந்தச் சொல்லைத் தொடக்கூடாது என்று பிள்ளைகள் முடிவெடுத்துவிட்டார்கள். முதலில் வந்தவர்களுக்கு அங்கே திரும்பிப் போக அனுமதியில்லை, பின்னால் வந்தவர்களுக்கு வசதியில்லை. நகையெல்லாம் போய், வாடகை வீடு மாற்றி வாடகை வீடு வந்தும் இது மட்டும் மாறவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாலும் போறேன்தான். கட்டிக்கொடுத்த பெண் வாசல் தாண்டும்போதும் போறேன்தான்.

நான் அசந்துபோனேன். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் வாரேன் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் இருக்கிறேன்! கீழே ஒரு குடும்பம், தாத்தாவுக்குத் தாத்தா சொன்ன ஒற்றைச் சொல்லுக்காக வாயைக் கட்டிக்கொண்டு வாழ்ந்திருக்கிறது. அதன்பின் அந்த அண்ணன் படியிறங்கினால் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றும்.

போன வருடம் அவர்கள் மகளுக்கு எழுமலையில் மாப்பிள்ளை அமைந்தது. பூ வைத்துவிட்டுப் போன அன்றே அந்தப் பெண் அப்பாவிடம் சொல்லிவிட்டாள்: "இந்த வீட்ட விட்டு நான் போறேன்னு சொல்லிட்டுப் போக மாட்டேன்ப்பா. நான் திரும்பி வரணும்."

அண்ணன் மறுநாளிலிருந்து பாஸ்போர்ட்டுக்கு அலைந்தார். அது கைக்கு வந்ததும் கடையைப் பூட்டிவிட்டு, அந்த மலை ஊருக்குத் தன்னந்தனியாக விமானம் ஏறினார்.

திரும்பி வந்தவரை வாசலிலேயே மடக்கிவிட்டேன். "என்னண்ணே ஆச்சு?"

"சுற்றுலாக் கூட்டம்மா. எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்தாக. நான் செருப்பக் கழட்டிட்டு அரண்மனை வாசல்ல நின்னு, வந்துட்டோம்னு சொன்னேன். காவக்காரன் ஒரு மாதிரியாப் பாத்தான்."

"கிளம்பும்போது என்ன சொன்னீக?"

"வாயத் திறப்பேனா? ஏதாச்சும் சொல்லிவச்சா மறுபடி போகணும்ல" என்று சிரித்தார்.

திருப்பரங்குன்றத்தில் கல்யாணம் முடிந்து, எழுமலைக்குப் போகும் கார் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. அந்தப் பெண் ஏறப்போனவள் திரும்பினாள். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

"போயிட்டு வாரேன்ப்பா."

அண்ணனுக்கு அதற்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. "சரி, போ" என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துவிட்டு, "வா தாயி" என்றார்.