தெற்கே தலை வைத்த கார்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஓட்டலில் இலை எடுத்தேன், பம்பாய்க் கப்பல்துறையில் மூட்டை தூக்கினேன், கோவண்டியில் செங்கல் சுமந்தேன். அறுபதுகளின் நடுவில் தாராவியில் ஒரு தகரக் கொட்டகையில் வெல்டிங் வேலை கிடைத்தது. முதலாளி திருநெல்வேலிப் பக்கம். ஃப்ரிஜ் ரிப்பேரில் கெட்டிக்காரர். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன்.

மாட்டுங்காவிலிருந்து ஒரு பாலக்காட்டு ஐயர் தன் காரைக் கொண்டுவந்தார். படகு மாதிரி நீண்ட பழைய அமெரிக்கக் கார். அவருடைய ஆபீஸ் துரை ஊருக்குக் கப்பலேறும்போது விட்டுப்போனது. அதில் ஏர்கண்டிஷன் மாட்ட வேண்டும் என்றார். கார் ஏர்கண்டிஷனை நாங்கள் கேள்விப்பட்டதோடு சரி.

அவர் மனைவிக்கு வயிற்றில் கட்டி. பரேல் ஆஸ்பத்திரியில் கட்டியைக் கருக்கக் கரண்ட் வைக்கிறார்கள். அந்த அம்மாவுக்குக் கொடுத்த நேரம் உச்சிப் பொழுது. மே மாத வெயிலில் போய் வரும்போது வழியிலேயே மயங்கி விழுகிறார்.

"கண்ணாடியை இறக்கினா அனல், ஏத்தினா அடுப்பு. நேத்திக்கு இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டா," என்றார். "நீங்க குளிர வெச்சுக் கொடுத்தா, வரேன்னு ஒத்துண்டிருக்கா."

பழைய சாமான் சந்தையில் அலைந்து, யாரோ வெளிநாட்டுக்காரர் காரிலிருந்து கழற்றிப் போட்ட யூனிட் ஒன்றைப் பிடித்தோம். கம்ப்ரசரை எஞ்சின் பக்கத்தில் தொங்கவிட்டு பெல்ட் போட்டு ஓட்ட வேண்டும். அதைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தை நான் அடித்தேன். மயிரிழை கோணினாலும் பெல்ட் கழன்று ஓடியது. வெட்டி மறுபடி அடித்தேன். ஐயர் ஆபீஸ் விட்டதும் வந்து நிற்பார். அவசரப்படுத்த மாட்டார். காற்று வரும் ஓட்டையில் கையை வைத்துப் பார்ப்பார்.

"வரதா?"

"வந்துரும் சாமி."

ஒரு சாயங்காலம் வந்தது. குழாய் மூட்டில் எல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம், ஒரு குமிழி இல்லை. அண்ணாச்சி ஓட்டையில் முகத்தையே வைத்துக்கொண்டு, "ஏலே, குத்தாலம்லா!" என்று கத்தினார்.

மறுநாள் காலை பானெட்டில் குங்குமம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சை நசுக்கி, மாட்டுங்காவுக்கு ஓட்டிப் போனோம். அன்று மத்தியானமே அந்த அம்மா இதில் ஆஸ்பத்திரி போவதாக ஏற்பாடு. கட்டிட வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. விடியற்காலையில் அந்த அம்மா இறந்துவிட்டார். அண்ணாச்சி சட்டைக் கையால் குங்குமத்தைத் துடைத்தார்.

ஒரே மகள் புசாவலில் இருந்தாள். டிரங்க் கால் போட்டாகிவிட்டது, அவள் வந்து சேர சாயங்காலம் ஆகும். வீடோ மொட்டைமாடிக்கு அடியில். அந்த வெக்கையில் உடம்பு அதுவரை தாங்காது என்று எல்லோருக்கும் தெரிந்தது. யாரோ கைவண்டியில் ஐஸ் கொண்டுவந்தார்கள். மேலே சுற்றிய ஈரச் சாக்கில் மீன் செதில் ஒட்டியிருந்தது. மீன் கிடங்கு ஐஸ்.

ஐயர் குனிந்து பார்த்தார். "மீன்காரி போற பக்கம்கூட நடக்க மாட்டா. இதிலேயா படுக்கவைக்கறது?"

வண்டி திரும்பிப் போயிற்று. அவர் எங்களிடம் வந்தார்.

"ஓடறதா?"

"ஓடுது சாமி."

"நின்ன இடத்துலயே சாயங்காலம் வரை ஓடுமா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். ஓடுகிற காருக்குத்தான் முன்னால் காற்றடிக்கும். நின்றபடி ஓடினால் ரேடியேட்டர் கொதித்துவிடும். "ஓட வைக்கேன் சாமி," என்றார்.

காரில் கிடத்துவதென்றதும், சடங்குக்கு வந்த சாஸ்திரிகள் முகம் சுளித்தார். பிறகு, "தலை தெற்கே இருக்கணும்," என்று மட்டும் சொன்னார். பின்சீட்டில் குறுக்கே படுக்கவைத்துத் தலை தெற்கே வர வேண்டுமானால் காரே கிழக்கையோ மேற்கையோ பார்க்க வேண்டும். அந்தக் குறுகிய முற்றத்தில் அண்ணாச்சி முன்னும் பின்னும் எடுத்து ஒருவழியாக மேற்கே பார்க்கத் திருப்பினார். பெண்கள் தூக்கி வந்தார்கள். சின்ன உடம்பு. சீட்டில் இடம் மிஞ்சியது.

உச்சிப் பொழுதில் முதல் மாடி மாமி படியிறங்கி வந்தாள். பிணம் கிளம்பும்வரை கட்டிடத்தில் யாரும் அடுப்பு மூட்டக் கூடாது.

"சாஸ்திரிகளே, இப்ப கிளம்பியாச்சா, இல்லையா?"

"ஆத்தை விட்டு இறங்கியாச்சு. ஆனா வாசலைத் தாண்டல்லியே."

"கொழந்தைகள் வயத்துக்கு வாசல் தெரியுமா?"

"வேணும்னா ரிவர்ஸ்ல வெளியே போயிட்டு உள்ளே வந்துரட்டுமா சாமி?" என்றார் அண்ணாச்சி. யாரும் சிரிக்கவில்லை. அந்த ஐயர் மட்டும் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

மேற்கே திருப்பி நிறுத்தியதன் வினை பிற்பகலில் தெரிந்தது. வெயில் நேராக ரேடியேட்டர் மேல் இறங்கியது. ஈரச் சாக்குப் போட்டோம். போட்ட வேகத்தில் காய்ந்தது. முற்றத்துக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. என் சட்டம் நடுங்குவதை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது விட்டால் எல்லாம் விட்டது.

அதே மாமி பித்தளைக் குடத்தைத் தூக்கி வந்து நீட்டினாள். அவர்கள் வீட்டுக் குடிதண்ணீர். எங்கள் கை அந்தக் குடத்தில் படலாமா என்று அண்ணாச்சி பின்வாங்கினார்.

"பிடியுமய்யா. கொதிக்கறது பாரும்!"

பிறகு மற்ற வீடுகளிலிருந்தும் குடங்கள் வந்தன.

உள்ளே குளிரக் குளிர, கண்ணாடியின் வெளிப்பக்கம் பனி மூடியது. பம்பாய்க் காற்றின் ஈரம். ஐயர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து துண்டால் துடைப்பார். முகம் தெரியும். கொஞ்ச நேரத்தில் மூடிக்கொள்ளும். மறுபடி துடைப்பார். நாள் முழுக்க அதுதான் செய்தார். யாராவது கதவில் கை வைத்தால், "திறக்காதேள், குளிர் போயிடும்," என்பார்.

பொழுது சாயும்போது டாக்சி வந்தது. மகள் இறங்கியவள், பெட்டியைத் தரையில் போட்டுவிட்டு, காரையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவரே கதவைத் திறந்தார்.

"அப்படியேதான் இருக்கா. பாரு."

அவள் உள்ளே ஏறி அம்மாவின் கால்மாட்டில், அந்த மிஞ்சிய இடத்தில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினார். கண்ணாடி மூடிக்கொண்டது. உள்ளிருந்து அவள் கை துடைப்பது மங்கலாகத் தெரிந்தது. அது போகவில்லை. பனி வெளிப்பக்கம்தானே. அவர் எழுந்து துண்டால் மெதுவாகத் துடைத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"போறும்," என்றார் எங்களிடம். "அணைச்சுடுங்கோ."

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் நின்ற பிறகுதான் உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்டது.