என் பக்கத்து பிரேக்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வேலையில் வண்டி ஓட்டுவது இன்னொருவர், பயப்படுவது நாம். தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஆளாளுக்கு மாருதி வாங்கிக்கொண்டிருந்தபோது நான் காந்திபுரத்தில் இந்த வேலைக்கு வந்தேன். காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்கிற ஆசாமியா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சி.

யாருக்கு லைசென்ஸ்?

பழகும் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், ஆபத்துக்கு மிதிக்க. எனக்கு எல்லாமே ஆபத்துதான். தூரத்தில் ஒரு மாடு தலையைத் திருப்பினாலும் மிதித்துவிடுவேன். அவிநாசியில் துணிக்கடை வைத்திருந்த ருக்மணியம்மா என்னிடம் ஓட்டப் பழகிவிட்டு டெஸ்டுக்குப் போனார். இன்ஸ்பெக்டர் நிறுத்தச் சொன்னதும், வழக்கம்போல வண்டி தானாக நிற்கும் என்று காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். ஃபெயில்.

மறுமுறையும் அவர் தோற்றால் எனக்கு வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். கோபத்திலும் மரியாதை மட்டும் குறையவில்லை. "ஏனுங்க மாஸ்டர், பூரா உங்க காலே ஓட்டுதுன்னா, லைசென்ஸை அதுக்கே வாங்கிக் குடுத்தறலாமுங்களா?"

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

பயந்துபோய், மூச்சைக் கவனிக்கச் சொல்லித்தரும் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். நடத்தியவர் சாந்தாமணி, என் வயதுதான், பேங்க்கில் வேலை. கண்ணை மூடி மூச்சைப் பார்க்கச் சொன்னார். எனக்கு மூச்சைத் தவிர எல்லாம் தெரிந்தது: முதலாளி, ருக்மணியம்மா, அந்த மாடு.

என் பிரேக் கதையைச் சொல்லி, படபடப்பை நிறுத்த என்ன வழி என்று எழுந்தே கேட்டுவிட்டேன். சாந்தாமணி சிரித்தார். "இங்கயும் வந்து பிரேக்கைத் தேடாதீங்க. படபடப்பு வந்தா வரட்டுமுங்க, ஒடம்புல எங்க வருதுன்னு மட்டும் பாருங்க."

கண்ணை மூடிய மாஸ்டர்

கற்றதை உடனே காரில் செய்து பார்த்தேன். ஓட்டிக்கொண்டிருந்தவர் பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர். எதிரே லாரி வந்தது, நெஞ்சு குதித்தது. வகுப்பில் பழகியபடி கண்ணை மூடி மூச்சை இழுத்தேன். புதுசாகக் கற்றவனுக்கு எதை எங்கே செய்வது என்று தெரியுமா என்ன?

லாரி போய்விட்டது. அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க மாஸ்டர், நீங்க சாமி கும்புடற அளவுக்கா நான் ஓட்டறனுங்க?"

இழு, விடு

அதன்பின் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டேன். மூச்சுக்குத் துணையாக வாய்க்குள் "இழு… விடு…" என்று சொல்லிக்கொண்டேன். வாய்க்குள் என்பது என் நினைப்பு. பக்கத்தில் ருக்மணியம்மா கிளட்சை மிதித்தபடி கியர் போட்டுக்கொண்டிருந்தார். என் "விடு" காதில் விழுந்ததும் காலைப் பட்டென்று எடுத்துவிட்டார். வண்டி ஒரு குதி குதித்து, டீக்கடை பெஞ்சுக்கு முன்னால் அணைந்து நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் கிளாசோடு எழுந்து நின்றார்கள்.

கிளட்சை அப்படி விடலாமா என்று அதட்டினேன். அவர் என்னைவிடச் சத்தமாகப் பேசினார். "எப்பவும் 'விடுங்க'ன்னு சொல்றவரு இன்னைக்கு 'விடு'ன்னீங்க. மரியாதைக்கும் நேரமில்லாத அவசரமாட்ட இருக்குதுன்னு விட்டுப்போட்டனுங்க!"

டவுன் பஸ்

ருக்மணியம்மாவின் மறு டெஸ்டுக்கு முன்பு கடைசியாக ஒரு நாள். அவிநாசி ரோட்டில் எங்களுக்கு முன்னால் போன டவுன் பஸ் திடீரென்று வேகம் குறைத்தது. என் நெஞ்சு அடித்தது. உடம்பில் வேறு எங்கே என்று பார்த்தேன். கெண்டைக்கால் இறுகியிருந்தது, விரல்கள் செருப்புக்குள் மடங்கியிருந்தன, பிரேக்கை மிதிக்கக் காலைப் பாதி தூக்கியாகிவிட்டது. வந்துட்டியா, சரி, இரு என்று மனசுக்குள் சொல்லி ஒரு மூச்சு விட்டேன். பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவே இன்னும் நிறைய இடம் இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. காலைக் கீழே வைத்தேன்.

ருக்மணியம்மா தானே மிதித்து, குலுங்காமல் நிறுத்தினார். எனக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷம். அவரோ வேர்த்து விறுவிறுத்து என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, உங்க பக்கத்து பிரேக்கு ரிப்பேருன்னா முன்னமே சொல்றதில்லீங்களா? நானே புடிக்கறாப்ல ஆயிப்போச்சுங்க!"

டெஸ்டில் அவரும் பாஸ், என் வேலையும் பாஸ். படபடப்பு இன்னும் தினம் வேலைக்கு வரத்தான் செய்கிறது, வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், சம்பளம் என்னவோ எனக்குத்தான்.