மணல் மேடும் என் கையெழுத்தும்

மூன்று வருடங்களுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாரிஸ் லா சப்பலில் நான் வேலை செய்யும் பலசரக்குக் கடை வாசலில் நாலைந்து பேர் மேசை போட்டு நின்றார்கள். யாழ்ப்பாணக் கடலோர ஊர்களில் மணல் அள்ளுவதை நிறுத்தச் சொல்லி மனு. எங்கள் ஊரின் பெயரும் அதில் இருந்தது. விடுவேனா? முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். அரிசி வாங்க வந்தவர்களையும் பிடித்துப் போட வைத்தேன். மணல் மேடு போனால் கிணறுகளுக்குள் உப்புத் தண்ணீர் வந்துவிடும் என்று ஒருவருக்கு அரை மணி நேரம் விளக்கம் வேறு. பாவம், மனிதர் கையில் மீன் பையோடு நின்றார்.

அடுத்த வாரமே ஊரிலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் பக்கத்து வளவில் குடியிருக்கும் தங்கச்சி. சொந்தமில்லை, அயல்.

“அண்ணை, உங்கடை காணிக்குள்ளைதான் மணல் ஏத்துற டிப்பர் நிக்குது.”

அம்மா எனக்கு எழுதிவைத்த கடற்கரைக் காணி அது. மணல் மேட்டில் பாதி அதற்குள்தான் வந்தது. நான் இங்கே வந்த புதிதில், பார்த்துக்கொள்ளட்டும் என்று அக்காவின் கணவருக்கு என் சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரத்தை அற்றோனியாக எழுதிக் கொடுத்திருந்தேன். கொடுத்ததையே மறந்துபோனேன். அந்தக் கடதாசியை வைத்துத்தான் அத்தான் மணல் அள்ள விட்டிருக்கிறார்.

“நாங்கள் பொம்பிளையள் ஒழுங்கையிலை இருந்து மறிக்கிறம். காணிக்காரனே ஓம் எண்டிட்டான், நீங்கள் ஆர் கேக்க எண்டு டிப்பர்காரங்கள் ஏசுறாங்கள். அற்றோனியை ரத்துச் செய்து அனுப்புங்கோ அண்ணை. அதைக் காட்டினால் பொலிசும் மறிக்கும்.”

“ஓம், ஓம், உடனை செய்யிறன்” என்றேன்.

அத்தானுக்குப் போன் எடுத்தேன். “ஊர்ச்சனத்தின்ரை கதையைக் கேட்டு என்னைச் சந்தேகப்படுறியோ?” என்று ஒரே கேள்வி. பிறகு அக்கா எடுத்து அழுதாள். அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவர்கள் அவர்கள்தான். நான் செத்த வீட்டுக்குக்கூடப் போகவில்லை. அந்த அத்தானுக்கு எதிராக எப்படிக் கையெழுத்து வைப்பது என்று மனம் பின்வாங்கியது.

ஆனால் தங்கச்சிக்கு நான் சொன்ன காரணங்கள் வேறு. ரத்துச் செய்ய இலங்கைத் தூதரகத்தில் நேரம் குறித்துத் தரும் ரொந்தேவு கிடைக்கவில்லை, கடையில் லீவு தரவில்லை, ரயில்காரர் ஸ்ட்ரைக். இதில் ஸ்ட்ரைக் மட்டும்தான் உண்மை. அவள் ஒவ்வொரு முறையும் “பரவாயில்லை அண்ணை, நாங்கள் மறிச்சுக்கொண்டு இருக்கிறம்” என்பாள். கடைசியில் அவள் நம்பரைக் கண்டால் நான் போனை எடுப்பதையே விட்டுவிட்டேன். எவ்வளவு கேவலம்!

நாலு மாதம் கழித்து ஒருநாள் மத்தியானம், வெட்கத்தை விட்டு நானே அவளுக்குப் போன் எடுத்தேன். வீடியோவில் வந்தாள். போனைத் திருப்பிக் காட்டினாள். மணல் மேடு நின்ற இடத்தில் பெரிய பள்ளம், அதில் தண்ணீர், கரையில் இரண்டு கொக்கு. நான் எதையோ சொல்லத் தொடங்கினேன்.

“இனி ரத்துக் கடிதம் தேவையில்லை அண்ணை” என்றாள். “கிணத்துத் தண்ணி உவராப் போச்சு. இப்ப பவுசரிலை தண்ணி கொண்டு வந்தால்தான் தேத்தண்ணி.”

ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும். அவள் ஏசவில்லை. பவுசர் வந்துவிட்டது, குடத்தோடு போகவேண்டும் என்று வைத்துவிட்டாள்.

அந்த மாதமே போய் அற்றோனியை ரத்துச் செய்தேன். அக்கா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. தூதரகத்தில் அந்த வேலைக்குப் பிடித்தது பத்து நிமிடம். தங்கச்சி முதல்முதல் கேட்ட அன்றே அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்திருக்கலாமே என்ற நினைப்பு, கடையில் தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கி அடுக்கும் ஒவ்வொரு காலையிலும் எனக்கு வருகிறது.