கழுத்தளவு தண்ணீர்

விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் நான் ஸ்டுடியோ வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். வாசலில் ஒரு சாம்பிள் படம் மாட்டியிருந்தேன். போட்டோ எடுக்க வந்த ஒரு வாலிபரைக் கேட்டுக்கொண்டு, அவர் கழுத்தளவு தண்ணீரில் நிற்பதுபோல் கம்ப்யூட்டரில் செய்தது. அலை, நுரை, பிம்பம் எல்லாம் நிஜம் மாதிரியே இருக்கும்.

இன்று காலை ஓர் அம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இது எம் புள்ள. திட்டக்குடி பக்கம் ஏரியில முழுகிப் போயிட்டான். அன்னிக்கு நீங்க அங்க இருந்தீங்களா?"

"இல்லம்மா, இங்கதான் எடுத்தேன். தண்ணி நான் போட்டது."

"போட்டதுன்னா எடுத்துடலாமில்ல தம்பி?"

உள்ளே உட்காரவைத்து, கம்ப்யூட்டரில் தண்ணீரை அழித்தேன். கட்டம் போட்ட சட்டையோடு மகன் முழுதாக நின்றான். ஆனால் தண்ணீரில் தெரிவதற்காக நான் தனியாகச் செய்திருந்த பிம்பம் மட்டும் போகவில்லை. அவன் மார்பில் அவன் முகமே தலைகீழாகத் தொங்கியது.

"அது யாருங்க?" என்றார் அம்மா.

அதையும் அழித்தேன். அவர் திரையில் அவன் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"காஞ்சிருக்குது" என்றார்.

பிரிண்டை வாங்கிக்கொண்டு திட்டக்குடி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நாளை ஒரு கல்யாண ஜோடிக்குப் பின்னால் அருவி வைக்க வேண்டும். தண்ணீரே இல்லாத டிசைன் நம் ஸ்டுடியோ நண்பர்கள் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்களேன்.