சைலன்சர் இல்லாத வண்டி

எங்கள் தெருவுக்கு வந்த முதல் கார் என்னுடையது. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குத் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. தாத்தா காலம் வரை ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அடுத்தவர் காட்டில் களை வெட்டிய குடும்பம் எங்களுடையது. அம்மா பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தாள். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு அட்டைப்படம் வடிவமைக்கிறேன். தம்பி வேன் ஓட்டுகிறான். காலையில் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போய், சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவது அவன் பிழைப்பு.

நான் கார் வாங்கப் போகிறேன் என்றதுமே எந்தக் கார் என்பதைத் தம்பி முடிவு செய்துவிட்டான். பெரிய வெள்ளை டீசல் கார், பழையது என்றாலும் பரவாயில்லை, ரோட்டில் வந்தால் நாலு பேர் ஒதுங்க வேண்டும். நான் பேட்டரி கார் என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அந்தக் கோபத்திலேயே பாதிக் காரை வாங்கிவிட்டேன் என்று சொல்லலாம்.

மீதிப் பாதிக்குக் காரணம் வானம். பெய்ய வேண்டிய ஐப்பசியில் வெளுத்துக் கிடக்கும்; வெம்பக்கோட்டை அணையில் மாடு மேயும். வெயில் வேண்டிய பங்குனியில் கொட்டித் தீர்க்கும். பட்டாசுக்கு வெயில்தான் உயிர். காய வைக்கிற மேடையில் பரப்பியதை அள்ளி உள்ளே வைப்பதற்குள் மழை வந்துவிடும். மழை வந்தால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கூலி இல்லை. அப்படி அம்மா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில் நான் அச்சகத்தில் கம்பி மத்தாப்பு அட்டைக்கு மேகமே இல்லாத நீல வானம் வரைந்து கொண்டிருப்பேன். எரிச்சலாக வரும். வானம் ஏன் இப்படி ஆகிறது என்று படிக்கப் படிக்க இன்னும் எரிச்சல் வந்தது. இதைக் கெடுத்ததில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஆனால் புதிதாக ஒரு பங்கு வாங்கப் போகிறேன் என்பது தெரிந்தது.

தம்பி விடவில்லை. பேட்டரியில் ஏற்றுகிற கரண்டு எங்கிருந்து வருகிறது, நிலக்கரியை எரித்துத்தானே என்றான். எல்லாம் நிலக்கரி இல்லை, நீ வேன் ஓட்டுகிற ரோட்டோரமே காடு காடாகச் சூரியத் தகடு நிற்கிறதே, கண் தெரியவில்லையா என்று நான் கத்தினேன். அப்புறம் அவன் கேட்டதுதான் சுருக்கென்று தைத்தது.

"நம்ம செய்யுற வெடி ஊரு உலகமெல்லாம் புகையுது. நீ புகையில்லாத காரு வாங்குறது சாத்தான் வேதம் ஓதுன கதையால்ல இருக்கு. ஒத்த ஆளு காரை மாத்துனா என்னக்கா ஆயிரப் போகுது?"

முதல் பாதிக்கு என்னிடம் ஒரு மாதிரியாகப் பதில் இருந்தது. பட்டாசுப் புகை எங்களுக்குச் சோறு போடுகிறது. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கார்ப் புகை அப்படியில்லை, அது நானாக ஆசைப்பட்டு விடுவது. இதை அவனிடம் சொல்லவும் சொன்னேன். ஆனால் அந்த ஒத்த ஆள் கேள்விக்கு என்னிடம் ஒரு பதிலும் இல்லை. பதில் இல்லாத இடத்தில் எனக்குப் பிடிவாதம் வரும். போய் முன்பணம் கட்டிவிட்டு வந்தேன்.

கார் வந்த அன்று தெருவில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. குழாயடியில் நின்ற பெண்களுக்குப் பின்னால் வந்து நின்றேன். சத்தமே இல்லாததால் அவர்கள் பாட்டுக்குக் குடம் நிரப்பிக் கொண்டிருந்தார்கள். ஹாரனை அடித்ததும் ஒரு குடம் உருண்டது. பிறகு கேட்க வேண்டுமா, தெருவே கூடிவிட்டது. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. முகத்தைத் தூக்கி வைத்திருந்த தம்பிகூட ஓர் ஆயிரம் வாலாவைக் கொண்டுவந்து காருக்கு முன்னால் விரித்தான். எங்கள் பக்கத்தில் வெடி போடாமல் புது வண்டி எடுப்பது மேளம் இல்லாமல் கல்யாணம் பண்ணுகிற மாதிரி. அவன் குச்சியைக் கிழிப்பதற்குள் அம்மா வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்து வாலாவைச் சுருட்டி மடியில் கட்டிக் கொண்டாள்.

"ஏலே, உனக்குக் கிறுக்கா? பேட்டரிக்குப் பக்கத்திலயா வெடியைப் போடுறே?"

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அம்மாவுக்கு வெடிமருந்து பயமில்லை, பேட்டரிதான் பயம். கம்பெனிக்குள் போகும்போது செல்போனை வாசலில் கொடுத்துவிட வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டும். மருந்து ரூமுக்குள் நுழையும் முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் இருக்கிற கொஞ்சநஞ்சக் கரண்டும் மண்ணுக்குப் போய்விடும். இத்தனை வருஷமாக இப்படியே பழகியவளுக்குப் பேட்டரி என்றால் பகையாளி. நானும் சும்மா இருக்கவில்லை, சமாதானம் சொல்கிறேன் என்று, பேட்டரி சீட்டுக்கு அடியில் பத்திரமாக மூடித்தான் இருக்கிறது என்றேன்.

"அப்ப அது மேலயே உக்காரச் சொல்றியாக்கும்?"

அதோடு சரி. காரைத் தூரத்திலிருந்து பார்ப்பாள், துணியால் துடைக்கக்கூடச் செய்வாள். ஏற மாட்டாள். டீசல் டேங்குக்கு மேல் உட்கார்ந்து இத்தனை காலம் வேனில் போய் வந்தவள்தான். அதைச் சொன்னால் அது வேறு, இது வேறு என்பாள். நான் தினமும் சிவகாசிக்குப் போய் வந்தேன். வழியில் பழக்கமானவர்களை ஏற்றிக் கொண்டாலும் பின்னால்தான் உட்கார வைப்பேன். முன் இருக்கையில் என் பையைக்கூட வைப்பதில்லை. அதில் முதலில் அம்மாதான் உட்கார வேண்டும். ஒருத்தரிடமும் இதைச் சொல்லவில்லை, ஆனால் இந்தக் கார் விஷயத்தில் எனக்கு அதைவிடப் பெரிய ஆசை எதுவும் இருக்கவில்லை.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை. அச்சகத்திலிருந்து சீக்கிரம் வந்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் திடீரென்று இருட்டி, மழை பிடித்துக் கொண்டது. இடியும் சேர்ந்து கொண்டது. இடி என்றால் கம்பெனியில் எல்லா ரூமையும் அடைத்து ஆட்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். தம்பி போன் செய்தான்.

"அக்கா, குறுக்குப் பாதையில வந்துட்டேன். வேன் கரிசல்ல புதைஞ்சு போச்சு, டிராக்டர் வந்தாத்தான் எடுக்கலாம். அம்மாவும் இன்னும் அஞ்சு பேரும் கேட்டுல நிக்காக. உன் காரை எடுத்துக்கிட்டுப் போ."

பயந்தேனா, துள்ளினேனா என்று இப்போது கேட்டால் இரண்டும்தான். சாவியைத் தேடியதில் செருப்பு போட மறந்துவிட்டேன். தார் ரோட்டிலேயே சுற்றிப் போனேன். தரைப்பாலத்தில் செம்மண் கலங்கலாகத் தண்ணீர் ஓடியது. முன்னால் போன சைக்கிள்காரருக்குக் கணுக்கால் அளவுதான் என்று பார்த்துவிட்டு மெதுவாக இறக்கினேன். வண்டியில் சத்தம் கிடையாது என்பதால் கூரை மேல் விழுகிற மழையும் என் நெஞ்சு அடிப்பதும் மட்டும் கேட்டது. அக்கரை ஏறியதும் தனியாகவே சிரித்தேன்.

கம்பெனி வாசலில் காவல்கார அண்ணன் தலையில் சாக்கைக் கவிழ்த்துக் கொண்டு ஓடி வந்தார், கையில் கம்பி வலை மூடி. உள்ளே வருகிற எந்த வண்டிக்கும் சைலன்சர் வாயில் அதை மாட்ட வேண்டும், பொறி பறக்கக் கூடாது. அவர் காருக்குப் பின்னால் குனிந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"சைலன்சரு எங்கனம்மா இருக்கு?"

இல்லை அண்ணே என்றேன். வழியில் கழன்று விழுந்துவிட்டதா என்று அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். பேட்டரி வண்டி, சைலன்சரே கிடையாது என்று விளக்கியதும் மூடியைக் கையில் வைத்துக் கொண்டு திகைத்து நின்றார். போர்மேன் வந்தார். பேட்டரி காரை உள்ளே விடலாமா கூடாதா என்று தனக்குத் தெரியாது, எதற்கு வம்பு, வண்டி வெளியிலேயே நிற்கட்டும், ஆட்கள் அங்கே வந்து ஏறட்டும் என்றார்.

அம்மாவின் எதிரில் உட்கார்ந்து திரி செருகுகிற அக்காதான் முதலில் வந்தார். நேராக முன் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். கொட்டுகிற மழையில் வந்து உட்கார்ந்தவரை இறங்கு என்று எப்படிச் சொல்வது? அம்மா வாசல் தகரத்துக்குக் கீழே, தலையில் சாப்பாட்டுப் பையை வைத்துக் கொண்டு நின்றாள். காரைப் பார்த்தாள், முன் இருக்கையைப் பார்த்தாள். விறுவிறுவென்று நடந்து வந்தாள்.

"ஏட்டி, இறங்கு. அது எம் மக எனக்குன்னு வச்சிருக்க இடம்."

தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மழையில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அம்மா உடனே ஏறவில்லை. எல்லோரையும் நிறுத்தினாள். சேலைக்கு மேல் போட்டிருக்கிற சட்டையிலெல்லாம் மருந்துத் தூசி இருக்கிறது, இதோடு பேட்டரி மேல் உட்காரக் கூடாது என்றாள். சட்டையைக் கழற்றிப் பையில் போடச் சொன்னாள். வாசலை ஒட்டியிருந்த தண்ணீர்த் தொட்டியில் கை கால் கழுவச் சொன்னாள். ஏற்கெனவே முழுக்க நனைந்த பெண்கள் சிரித்துச் சிரித்துக் கழுவினார்கள். பிறகு ஒவ்வொருத்தராகப் பக்கத்து ரூம் வாசலுக்குப் போய்ச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு வந்தார்கள். பேட்டரியும் பட்டாசு மருந்தும் ஒன்றில்லை என்று நான் சொல்ல வாயெடுத்து மூடிக் கொண்டேன். அவள் ஏறினால் போதும் எனக்கு.

ஐந்தாவதாக இன்னொரு அக்கா பின்னால் நெருக்கி உட்காரப் பார்த்தார். அம்மா தடுத்துவிட்டாள். "ரூமுக்கு நாலு பேருதான்," என்றாள். மருந்து ரூமுக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். நான் எண்ணிக்கையில் சேர்த்தியா என்று கேட்டேன். ஓட்டுகிறவள் போர்மேன் மாதிரி, போர்மேன் கணக்கில் வராது என்றாள். உண்மையான போர்மேன் குடைக்குள் நின்று சிரித்தார்.

அம்மா இரண்டு காலையும் தூக்கி இருக்கையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் ஸ்டார்ட் பண்ணவில்லையா என்று கேட்டாள். அப்போது நாங்கள் வேலி தாண்டி ரோட்டுக்கே வந்திருந்தோம். பின்னால் ஒரே சிரிப்பு. அவள் ஜன்னலைப் பார்த்தாள், ஓடுகிற வேலிக் கருவேலைப் பார்த்தாள், மெதுவாக ஒரு காலை இறக்கினாள், அப்புறம் இன்னொன்றை. தரைப்பாலம் தாண்டும்போது தவளை கத்துவது கேட்டது. வேனில் வரும்போது பக்கத்தில் இருப்பவள் பேசுவதே காதில் விழாது, இதில் தவளை பேசுவது கேட்கிறதே என்றாள்.

தெருவில் மற்ற மூவரும் இறங்கினார்கள். அம்மா இறங்கவில்லை. மிச்ச ஆட்களைக் கூட்டி வர வேண்டாமா என்று என்னையே கேட்டாள். சேலை நனைந்திருக்கிறது, போய் மாற்று என்றால் காது கேட்காதவள் போலக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். திரும்பவும் போனோம்.

இந்த முறை வாசலில் தம்பியும் நின்றான். வேனை அப்படியே விட்டுவிட்டுக் காட்டு வழியாக நடந்து வந்திருக்கிறான். முழங்கால் வரை கரிசல் அப்பியிருந்தது. காலையில் கம்பெனிக்காக வேனில் மருந்துச் சாக்கு ஏற்றிய தூசி நனைந்து சட்டையெல்லாம் ஒட்டியிருந்தது. மிச்சமிருந்த இரண்டு பெண்களும் கழுவி, தகட்டைத் தொட்டு, ஏறிவிட்டார்கள். அவன் பின் கதவைத் திறந்தான்.

"கழுவிட்டு ஏறுலே," என்றாள் அம்மா.

அவனுக்கு வேன் மாட்டிய கடுப்பு, என் காரைக் கூப்பிட வேண்டி வந்த கடுப்பு. "எல்லாரும் கழுவிட்டாகல்லம்மா. நான் ஒத்த ஆளு கழுவாட்டி என்ன ஆயிரப் போகுது?"

அதே கேள்வி. காருக்குப் பதில் கால், அவ்வளவுதான் வித்தியாசம். நான் கண்ணாடியில் அவனைப் பார்த்தேன். அவனும் என்னைத்தான் பார்த்தான். சொல்லி முடித்த பிறகுதான் அவன் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு எங்கள் பழைய சண்டை நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"ஒத்த ஆளாலதாம்லே ஒரு ரூமே போகும். அந்த ஒத்த ஆளு நீ இல்லேன்னு உனக்கு எவன் எழுதிக் கொடுத்தான்?"

பின்னால் இருந்த பெண்கள் இந்த முறை சிரிக்கவில்லை. அவர்கள் அப்படி வெடித்துப் போன ரூம்களைப் பார்த்தவர்கள். தம்பி கதவை மூடிவிட்டுத் தொட்டிக்குப் போனான். சட்டையைக் கழற்றி உதறினான். கரிசல் லேசில் போகாது. இரண்டு காலையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். யாரும் சொல்லாமலே தகட்டையும் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"இப்ப எடும்மா," என்றாள் அம்மா. "தெருவுக்குள்ள போனதும் அந்த ஹாரனை நல்லா அடி. நான் வாரது எல்லாருக்கும் கேக்கணும்."