மழையை வெட்டி எடுத்தவர்

ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் பாட்டு சி.டி. கடை வைத்திருந்த அந்த மனிதர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழைக்கு ஒதுங்கினால் ஸ்டூலை எடுத்துப் போடுவார். தெலுங்கில் ஆரம்பித்து, கன்னடத்தில் வளைந்து, தமிழில் வந்து முடிகிற ஒரே வாக்கியத்தில் நம் குடும்ப நலம் முழுவதையும் விசாரித்துவிடுவார். கெட்டவன் கெடுதல் செய்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். நல்லவர் ஒருவர், நல்லது என்று நினைத்து, சிரித்த முகத்தோடு செய்கிற கெடுதலை என்ன செய்வது? இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருஷங்கள் அவை. தொழிற்பேட்டையில், வண்டிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் நான் ஆபரேட்டர். சொந்த ஊர் காவேரிப்பட்டினம். அறையில் என்னோடு இருந்தவன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். வேலையிலும் எனக்குப் பக்கத்து மெஷின்தான். எங்கள் கம்பெனி பஸ்ஸில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு டிரெய்னி என்ஜினீயரும் ஏறுவார். காதில் எப்போதும் ஹெட்போன், மடியில் சி.டி. போட்டுக் கேட்கிற ஒரு சின்ன பிளேயர். ஒருநாள் என் அறை நண்பன் சும்மா இருக்காமல், "என்ன படம் சார்?" என்று கேட்டுவிட்டான்.

"படப் பாட்டு இல்ல, இங்கிலீஷ். புராக்ரெசிவ் மெட்டல். உங்களுக்குப் புரியாது" என்றார் அவர். ஆனாலும் ஹெட்போனைக் கழற்றி இவன் தலையில் மாட்டினார். கம்பெனி வாசல் வந்தும் இவன் அதைக் கழற்றவில்லை.

உங்களுக்குப் புரியாது. இந்தச் சொல்லை எத்தனை பேர் எத்தனை விதமாக எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே போகிறவனுக்குச் செருப்பைக் கழற்றி வைக்க இடம் காட்டுகிற மாதிரி சொல்வார்கள். ஆனால் அந்தப் பாட்டு புரிய எங்களைவிடப் பொருத்தமான காது யாருக்கு இருந்தது என்கிறேன். எங்கள் ஷாப்பில் அஞ்சாம் நம்பர் பிரஸ் ஒன்று இருந்தது. தகட்டைத் தள்ளும் அதன் கை தேய்ந்துபோனதால் அடி நாலு நாலாக விழாது; மூன்றும் நாலுமாக, ஏழாக விழும். தகிட தகதிமி, தகிட தகதிமி என்று நாள் முழுக்க. டிரெய்னியின் அந்த சி.டி.யில் முதல் பாட்டு அப்படியே ஏழில் ஆரம்பித்தது. அவரிடம் அதை இரவல் வாங்கிவந்து முதல் முறை அறையில் சத்தமாகப் போட்டுக் கேட்டபோது இவன் சுவரைத் தட்டிக்கொண்டே சிரித்தான். "ஏலே, இது நம்ம அஞ்சாம் நம்பர்லா."

வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி இருக்கிறது, இதுவும் ஒரு பாட்டா என்றார். எனக்குச் சுரீரென்றது. ஒரு ஷிப்டு முழுக்க பிரஸ் எங்கள் காதில் இடிக்கிறதே, அதை யாராவது இரைச்சல் என்றார்களா? அதற்கு உற்பத்தி என்று பேர் வைத்திருக்கிறார்கள். அதே இடியை ஒருவன் எடுத்து, நடுவில் மெட்டு வைத்து, ஒரு கதையையும் ஏற்றிப் பாடினால் அது மட்டும் இரைச்சல். உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணனுக்கு நோப்பாளம், எரிச்சல்தான் வரும், என்பார்கள் எங்கள் ஊரில்.

கதை என்றேன் அல்லவா. தனித்தனிப் பாட்டுகள் இல்லை அவை. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே கதை. எந்தக் குளிர் நாட்டுக்காரர்கள் பாடினார்களோ, எங்களுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அட்டையோடு வந்த பாடல் வரிகளை டிரெய்னியிடம் வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு இவன் வரிவரியாக உடைத்தான். ஆற்றில் தோணி விடுகிற ஒருவன். அவனுக்கு ஒரே மகள். ஆற்றின்மேல் பாலம் வருகிறது, தோணிக்கு வேலை போகிறது. பாலம் கட்ட வந்தவனையே மகள் கட்டிக்கொண்டு அக்கரை போகிறாள். அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு இல்லை. பிறகு ஒரு வெள்ளம். பாலம் உடைகிறது. அக்கரையில் மகள் தவிக்கிறாள். அப்பன் பழைய தோணியை அவிழ்க்கிறான்.

அந்த இடத்தில் பாட்டு நிற்கும். அடுத்து வருகிற துண்டில் சொல்லே கிடையாது. கிட்டார் கிடையாது, டிரம் கிடையாது. மழை பெய்கிறது. மழைக்குள்ளே ஒரு துடுப்புச் சத்தம். கொஞ்ச நேரம் போனதும் துடுப்பு நிற்கிறது. மழை மட்டும் பெய்கிறது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு கடைசிப் பாட்டு, மகள் பாடுகிறாள், அப்பனிடம் பேசுகிற மாதிரி. அந்த மழையைக் கேட்காதவனுக்கு அவள் எதிரில் நிற்கிற அப்பனோடு பேசுகிறாள் என்றுதான் தோன்றும். கேட்டவனுக்குத்தான் தெரியும், அவள் யாரும் இல்லாத தண்ணீரைப் பார்த்துப் பாடுகிறாள் என்று. இத்தனை சத்தம் போடத் தெரிந்தவர்கள், சொல்ல வேண்டிய ஒரே விஷயத்தைச் சத்தமில்லாமல் சொன்னார்கள். அதைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்.

என் நண்பனுக்கு வாய் சும்மா இருக்காது. டீ நேரத்தில் இந்தக் கதையை ஷாப்பில் சொல்ல ஆரம்பித்தான். ஒருநாளைக்கு ஒரு பாட்டு. முதலில் இரண்டு பேர் கேட்டார்கள், பிறகு எங்கள் மெஷின் வரிசையே கேட்டது. அவன் தோணிக்காரன் என்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் பரிசல்காரன் என்று திருத்தினார்கள். ஷாப்பில் தகட்டுத் துண்டு கூட்டி அள்ளுகிற ஒரு அக்கா இருந்தார், தொரப்பள்ளிப் பக்கத்துக்காரர், தெலுங்கு பேசுகிற குடும்பம், யாரையும் 'அப்பா' என்கிற மாதிரி 'நாயனா' என்பார். அவர் தள்ளி நின்று கேட்பார். கேள்வி மட்டும் சரியாக வந்து விழும்.

"வேலை போனப்புறமும் பரிசலை விக்காம ஏன் வச்சிருந்தான், நாயனா?"

"அதான்க்கா வெசயமே" என்பான் இவன்.

வெள்ளம் வரை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். மிச்சத்தை வாயால் சொல்ல மாட்டேன் என்றுவிட்டான். "அவன் அக்கரை போய்ச் சேந்தானா இல்லியான்னு ஆயுத பூஜை அன்னிக்குப் பாட்டே சொல்லும். நீங்களே கேட்டுக்கிடுங்க."

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். ஆயுத பூஜை அன்று மெஷின் எல்லாவற்றையும் துடைத்து, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து முடித்ததும், மைக் செட் ஒவ்வொரு ஷாப்புக்கும் முறைவைத்து வரும். அந்த முறை முடிகிற வரை என்ன பாட்டு போடுவது என்பது அந்த ஷாப்பின் இஷ்டம். மேனேஜர்கூட வாய் திறக்க மாட்டார். வருஷத்தில் அந்த ஒருநாள்தான் ஆட்கள் எல்லோரும் உள்ளே இருந்தும் பிரஸ் ஷாப்பில் ஒரு இயந்திரமும் ஓடாது. ஊசி விழுந்தால் கேட்கும். அந்த நிசப்தத்தில் மழையைக் கேட்க வைக்க வேண்டும் என்பதுதான் என் நண்பனின் எண்ணம். அந்த வருஷம் அவன் வேறு எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

டிரெய்னி தன் சி.டி.யை மைக் செட்டில் போட விடவில்லை. கீறல் விழும் என்றார். நகல் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். பூஜைக்கு முந்தைய நாள் நானும் நண்பனும்தான் அந்த சி.டி. கடைக்குப் போனோம்.

"எல்லாப் பாட்டும் வேணும்ணே. வரிசை மாறக் கூடாது. பூஜைக்குப் போடுதோம்" என்றான் இவன்.

"பூஜைக்கா? அப்ப ஜோரா பண்ணிரலாம் சாமி" என்றார் கடைக்காரர்.

அந்த 'ஜோரா'வில்தான் எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை போகிற வழியில் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு ஓடினோம். எங்கள் முறை வந்தது. பொரியும் கடலையும் கையில் வைத்துக்கொண்டு ஷாப் முழுக்க உட்கார்ந்திருந்தது. குடும்பத்தோடு வந்தவர்களும் இருந்தார்கள். முதல் பாட்டு ஏழில் இடித்தபோது பாதிப் பேர் திரும்பி அஞ்சாம் நம்பரைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. கதை தெரியும் அல்லவா, எந்தப் பாட்டு எந்த இடம் என்று ஒருவருக்கொருவர் காதில் சொல்லிக்கொண்டார்கள். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாத கூட்டம், மெட்டல் பாட்டை அப்படி உட்கார்ந்து கேட்டது. அந்த டிரெய்னி அதைப் பார்த்தாரா என்று தேடினேன், பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வெள்ளம் வந்தது. பாலம் முறிந்தது. அப்பன் கயிற்றை அவிழ்த்தான். பாட்டு நின்றது. அந்த அக்கா பொரிப் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

குத்துப் பாட்டு ஆரம்பித்தது.

தப்பும் தவிலும் போட்டு அடிக்கிற, அந்த வருஷம் தெருவெல்லாம் ஓடிய ஒரு சினிமாக் குத்துப் பாட்டு. ஒரு நொடி எல்லோரும் விழித்தார்கள். பிறகு பெயின்ட் ஷாப் ஆட்கள் விசிலடித்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். அவ்வளவுதான், ஷாப்பே எழுந்து ஆடியது. நான் மைக் செட்டை நிறுத்த ஓடினேன். சூப்பர்வைசர் என் தோளைப் பிடித்தார். "விடுப்பா, பசங்க சந்தோஷமா இருக்காங்க. இவ்ளோ நேரம் எழவு வீடு மாதிரி இருந்துச்சு."

எழவு வீடுதான் சார், அதைத்தான் கேட்க வந்தோம் என்று சொல்ல வந்தேன். யார் காதில் விழும்? அடுத்து வந்த மகளின் பாட்டே அந்தக் கூச்சலில் யார் காதிலும் விழவில்லை. என் நண்பன் ஆடவில்லை. அஞ்சாம் நம்பர் மேடையில் உட்கார்ந்து, அதற்குப் போட்ட மாலையைச் சரி செய்துகொண்டிருந்தான். அதைப் பார்த்ததும்தான் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

மதியம் கடைக்குப் போய் நின்றேன். அவர் கடைவாசலிலும் பூசணிக்காய் உடைத்துக் கிடந்தது.

"அந்த மழை எங்கண்ணே?"

"எது, அந்த மழைச் சத்தமா? அதுல பாட்டே இல்லையேப்பா. ரெக்கார்டிங் கெட்டுப்போயிருக்குன்னு எடுத்துட்டேன். கேக்கறவங்க கடையைத்தானே திட்டுவாங்க."

"சரி, அந்தக் குத்துப் பாட்டு?"

"எடுத்த எடம் சும்மா இருக்கக் கூடாதுன்னு அங்கயே வச்சேன். வரிசை மாத்தாதன்னு சொன்னீங்க, மாத்தலையே. கடைசியிலயும் நெறைய எடம் காலியா இருந்துச்சு, அதுலயும் சாமிப் பாட்டு போட்டிருக்கேன், பாத்தியா? நல்ல நாள் அதுவுமா வெறும் டிஸ்க்கை எப்படிப்பா கையில குடுக்கறது? பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை உங்கம்மா கழுவிட்டு வெறுமனேவா திருப்பிக் குடுப்பாங்க?"

பாருங்கள் நியாயத்தை. எங்கள் பக்கம் யாரும் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள், வாஸ்தவம். கைப்பிடி அரிசியாவது போட்டுத் தருவார்கள். ஆனால் பாத்திரத்தில் ஏற்கனவே இருந்ததைக் கொட்டிவிட்டா போடுவார்கள்? இதைத்தான் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். ஒரு மனுஷன் செத்துப்போகிற இடத்தை வெட்டிவிட்டு அங்கே ஆட்டம் போட வைத்திருக்கிறீர்கள் என்றேன். அவர் பயந்துபோய், "ஐயோ, பாடுறவனா?" என்றார். கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "பிடப்பா, சாவுன்னா பூஜை நாள்ல போடாம இருந்ததே நல்லதாப் போச்சு" என்று ஒரு பொட்டலம் பொரியை என் கையில் திணித்தார்.

இப்போதும் சொல்கிறேன், உலகத்தில் பாதி அழிவு இப்படி நடக்கிறது. காலியாக இருக்கிறதே என்று எதையாவது கொண்டுவந்து வைக்கிறார்கள். சும்மா இருந்த இடத்தில் என்ன இருந்தது என்று ஒருவரும் காது கொடுத்துப் பார்ப்பதில்லை.

விடுமுறை முடிந்து வேலைக்குப் போனோம். "செம குத்துடா மாப்ளே, அடுத்த வருஷமும் நம்ம ஷாப்புதான்" என்று இவன் முதுகில் தட்டினார்கள். பரிசல்காரன் என்ன ஆனான் என்று அவர்கள் ஒருவருக்கும் நினைவில்லை. டீ நேரத்தில் அந்த அக்கா மட்டும் வந்தார்.

"ஏன் நாயனா, அந்த அப்பன் போய்ச் சேந்தானா இல்லையா? ரெண்டு நாளா அதே நெனப்பா இருக்குது."

நான் சொல்ல வாயெடுத்தேன். நண்பன் என் கையை அழுத்தினான். "சொல்ல மாட்டேன்க்கா. கேக்கணும்" என்றவன் நேராக டிரெய்னியிடம் போய் பிளேயரைக் கேட்டான். அவர் அக்காவை ஒருமுறை பார்த்தார். "அவங்களுக்கு இது..." என்று ஆரம்பித்தார்.

"மழை புரியாதா சார்?"

அவர் கொடுத்துவிட்டார்.

கேண்டீனுக்கு வெளியே, சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் அக்கா நின்றார். தலைத்துண்டின் மேலேயே ஹெட்போனை மாட்டிவிட்டோம். வெள்ளப் பாட்டில் முகத்தைச் சுளித்தார், கழற்றவில்லை. பிறகு முகம் தளர்ந்தது. மழை வந்துவிட்டது என்று தெரிந்தது. பெருக்குமாற்றின் பிடியில் அவர் விரல் ஒன்று மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு துடுப்புக்கும் ஒன்றாக. நாங்கள் இருவரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது நின்றது.

"போயிட்டான் நாயனா" என்றார். காதை மூடியிருந்ததால் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

அதே நேரம் டீ நேரம் முடிந்து மணி அடித்தது. சூப்பர்வைசர் வாசலுக்கு வந்து, "அங்க என்ன கூட்டம், லைன் நிக்குது" என்று கூப்பிட்டார். என் நண்பன் அந்த மனிதரிடம் ஒருநாளும் எதிர்ப்பேச்சுப் பேசியவன் இல்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்:

"இருங்க சார். இன்னும் அவன் மக பாடல."