சோபாக்கா கத்தரியைத் தொடாத மதியம்

தெருவில் எல்லாருக்கும் அவள் சோபாக்கா. பழைய சோபாக்களுக்குப் புதுத் துணி போட்டுத் தருகிற பட்டறை அவளுடையது. தியேட்டர் மேனேஜர் வந்துவிட்டுப் போனதிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தியேட்டரைப் புதுப்பிக்கிறார்களாம், அத்தனை இருக்கைக்கும் வெல்வெட் உறை வேண்டுமாம்! கடை திறந்த நாள் முதல் கண்ட கனவு வீடு தேடி வந்திருக்கிறது. முடியுமா முடியாதா என்று நாளை சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும்.

அங்கேதான் சிக்கல். ஏற்கெனவே வந்த சோபாக்களே முடியாமல் வாசல்வரை அடைத்துக்கொண்டு கிடந்தன.

"வெளியாள் யாரையாவது கேட்டா என்ன? கடை நடத்தறவங்களுக்கு யோசனை சொல்றதுக்குன்னே ஒருத்தர் இருக்காராம்," என்றான் கணவன்.

"என் கடையப் பத்தி எனக்கே பாடம் எடுக்க ஒரு ஆளா?" என்று வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாள். குதித்து முடித்ததும், "நம்பர் இருக்கா?" என்றாள்.

மறுநாள் காலையில் யோசனை சொல்ல வந்தவர் ஒரு காலத்தில் பேக்கரி நடத்தியவர். ஸ்பிரிங் பிதுங்கிய சோபா ஒன்றில் உட்கார்ந்து சும்மா வேடிக்கை பார்த்தார். சோபாக்காவுக்கு எரிச்சலாக வந்தது.

"உங்க தையல்காரங்க ஏன் நின்னுக்கிட்டே இருக்காங்க?" என்று கடைசியில் வாயைத் திறந்தார்.

"நான் துணி வெட்டிக் குடுத்தாத்தானே தைப்பாங்க? வெல்வெட்டுல பூமுடி எந்தப் பக்கம் சாயுதுன்னு தடவிப் பாத்து வெட்டணும் சார். தலைகீழா வெட்டிட்டா ஒரே சோபா ரெண்டு நிறமாத் தெரியும்."

"அத அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "சொல்லிக் குடுத்தா, எதிர்லயே கடை போட்டுட மாட்டாங்களா?"

"சொல்லிக் குடுக்கல, எதிர்ல கடையும் இல்ல. ஆனா தியேட்டர் வேலையும் போகப் போகுதேம்மா! இன்னிக்கு மதியம் வாயால சொல்லிக் குடுங்க. கத்தரிய மட்டும் தொடாதீங்க."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். நெட்டையன் என்று அவர்கள் கூப்பிடும் மூத்த தையல்காரர் வெல்வெட்டைத் தடவிப் பார்த்துக் கத்தரியை வைத்தபோது, இவளுக்கு உயிரே போய் வந்தது. துணி நேராக வந்தது. மெஷினில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, ஒவ்வொரு தடவையும் எதுக்குத் தடவணும்? பின்பக்கம் சாக்பீஸால அம்புக்குறி போட்டுடலாமே?"

"அட, இது எனக்குத் தோணவே இல்லையேடி!" சோபாக்கா போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்துவிட்டார்.

அப்புறம் பட்டறை நிற்கவே இல்லை. ஆளுக்கொரு கத்தரி, ஆளுக்கொரு துணி. வெயில் சாய்வதற்குள் வாசலில் நடக்க வழி கிடைத்துவிட்டது. பேக்கரிக்காரர் எப்போது எழுந்து போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

மேனேஜருக்குப் போன் போட்டு ஒரே குஷியாகக் கத்தினாள். "முடியும் சார்!"

"உங்க கை நேர்த்தியக் கேள்விப்பட்டுத்தான் வந்தேன். நீங்களேதானே வெட்டுவீங்க?"

நேற்றானால் உச்சி குளிர்ந்திருப்பாள். இப்போது திரும்பிப் பார்த்தாள். கத்தரியும் கையுமாக எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இல்ல சார். என்னைவிட நல்லா வெட்டறவங்க இங்க இருக்காங்க."

"அப்படியா? சரி, காலையில துணி வந்துரும்."

அவள் சொன்னது பொய்தான். தியேட்டர் வேலை முடிவதற்குள் அது மெய்யாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. பயமாகவே இல்லை, சந்தோஷமாக இருந்தது.